கெர்னலுக்காக வெட்கப்பட்டவர்

தன் தவறுக்காக வெட்கப்படுவது எல்லோரும் செய்வதுதான். அடுத்தவர் தவறுக்காக வெட்கப்படுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்த ஒரு பெண்மணி எங்கள் டெல்லி அலுவலகத்தில் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கம். லிஃப்ட் பாதியில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்ட விருந்தாளியிடம் "வெக்கமா இருக்குதுங்க" என்பார், ஏதோ அந்த லிஃப்டை அவர்தான் பெற்று வளர்த்த மாதிரி. கேன்டீன் டீயில் ஈ மிதந்தால் டீக்காரர் முகத்தைப் பார்க்கமாட்டார். அந்த ஆள் சங்கடப்படக் கூடாதாம். ஈயை ஓரமாக ஒதுக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாக அதே வார்த்தையைச் சொல்வார்.

ஒருமுறை பீகார்க்கார நண்பர் ஒருவரைச் சாணக்யபுரியில் இருக்கும் நம் மாநில அரசு விருந்தினர் இல்லத்துக்குச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனோம். சாம்பார் ஆறிப்போய், பருப்பு அடியில் தங்கி, தண்ணீராக வந்தது. நண்பருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாவது தடவை வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். இவர் மட்டும் ஒவ்வொரு கரண்டிக்கும் கூனிக் குறுகினார். "எங்கூருச் சாம்பார் இப்புடி இருக்காதுங்க" என்று ஆரம்பித்து, இந்தி தடுமாறி, கடைசியில் என்னிடம், "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க, வெக்கமா இருக்குது" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? சாம்பாருக்காக மன்னிப்புக் கேட்கும் இந்தி எனக்கும் வராது.

எனக்கு அவரிடம் பிரியம் உண்டு. எரிச்சலும் உண்டு. இவ்வளவு வெட்கத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிற ஒருவரோடு வெளியே போனால், நமக்கும் காது மடல் சூடாகிவிடுகிறது. ஆட்டோக்காரர் கெட்ட வார்த்தை பேசினால் அவருக்குக் கோபம் வராது, தலை குனிந்துவிடும். பிறகு ஆட்டோவில் மூன்று பேர் இருப்போம், திட்டின ஆளைத் தவிர இரண்டு பேர் தலை குனிந்திருப்போம்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆராய்ச்சி செய்பவர்கள் சேகரிக்கும் தரவுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பிரிவின் பொறுப்பு. தினமும் சாயங்காலம் பெரிய சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாக நகலெடுக்கவேண்டும். டிஸ்க்கைச் சொருகினால் மட்டும் போதாது. அதை மவுண்ட் செய்யவேண்டும். அதாவது, இனி இந்த டிஸ்க்கும் நம் வீட்டோடு சேர்ந்தது, இந்த வாசல் வழியாக உள்ளே போகலாம் என்று கெர்னலிடம் சொல்லவேண்டும். கெர்னல் என்பது கணினிக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற அடிப்படை நிரல். வேலை முடிந்ததும் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து பிரித்துவிடவேண்டும். கெர்னல் தான் செய்கிற காரியங்களை நேரம் போட்டு ஒரு லாகில், அதாவது பதிவேட்டில், வரி வரியாக எழுதிக்கொண்டே போகும்.

எங்களிடம் இருந்தது பழைய கெர்னல். அதற்கு ஒரு குணம் இருந்தது. டிஸ்க் வந்து சேர்ந்தால் லாகில் ஒரு வரி எழுதும். பிரிந்து போனால் ஒன்றும் எழுதாது. நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. கவனித்திருந்தாலும் அதனால் என்ன என்று விட்டிருப்போம். இவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"ஏனுங்க, இதப் பாத்தீங்களா? வர்றவங்கள வாங்கன்னு கேக்குது. போறவங்கள போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்குது. மருவாதி தெரியாத கெர்னலுங்க. வெக்கமா இருக்குது."

"அதை எழுதினவங்க வெட்கப்படட்டும், உங்களுக்கு என்ன?"

"அவுங்க எங்க இருக்கறாங்களோ. பக்கத்துல இருக்கறது நாமதானுங்களே."

பக்கத்தில் இருப்பவர்தான் வெட்கப்படவேண்டும் என்பது அவருடைய சட்டம். அதற்கு மேல் அதில் விவாதம் கிடையாது.

அந்த வாரமே கெர்னலுக்குள் ஒரு சின்னத் திருத்தம் எழுதினார். டிஸ்க் பிரியும்போதும் லாகில் ஒரு வரி வரும். அவ்வளவுதான். ஆனால் அந்த வரியை எந்த இடத்தில் வைப்பது என்பதில் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். அன்மவுண்ட் கட்டளை கொடுத்த உடனேயே எழுதிவிடலாமே என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம் எங்கள் வீட்டை வைத்துத்தான்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். என் மகள் டெல்லியில் பிறந்தவள். இவர் தமிழில் கேட்டதற்கெல்லாம் இந்தியில் பதில் சொன்னாள். இவர் என் மனைவியிடம், "பரவாலீங்க, கொழந்ததான" என்று சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. என் மகளுக்குத் தமிழ் வராததற்கு வெட்கப்படவேண்டியது நான். அதையும் அவரே எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல, "போயிட்டு வர்றனுங்க" என்றார். எழுந்தார். கதவருகே நின்று என் மனைவியோடு ஊறுகாய் பற்றிப் பேசினார். மாடிப்படியில் நின்று மாமியார் பற்றிப் பேசினார். கீழே கேட்டில் நின்று மறுபடியும் ஊறுகாய். ஆட்டோ வந்து, அது முனை திரும்புகிறவரை என் மனைவி கையசைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் எப்பப் போனேன்? சோபாவுல இருந்து எந்திரிச்சு சொன்னப்பவா?" என்று கேட்டார். "ஆட்டோ முக்குத் திரும்பினப்பத்தானுங்க போனேன். டிஸ்க்கும் அப்புடித்தான். கட்டள குடுத்தா வாசலுக்கு வந்துரும். ஆனா உள்ள ஏதாச்சும் ஒரு நிரல் அதைப் புடிச்சுட்டு எழுதிட்டு இருந்தா, கேட்டுல நிக்குதுன்னு அர்த்தம். கடசிப் புடி விட்டப்பறம்தான் போயிட்டதாச் சொல்லோணும். முன்னாலயே சொன்னாப் பொய்யுங்க."

அப்படித்தான் வைத்தார். கடைசிப் பிடி விட்ட பிறகு வரும் வரி. பல வருஷம் அது எங்கள் லாகில் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை. நாங்கள் கேலிக்கு அதை 'பொள்ளாச்சி வரி' என்று சொல்வோம்.

இங்கே கனகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தினசரி நகலெடுக்கும் வேலையைச் செய்தவர் அவர்தான். ஒப்பந்த ஊழியர். மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் கள்ளக்குறிச்சியும் டெல்லியும் பாதிப் பாதி. கேம்ப்பை இடித்தபோது அவர் வீடும் போனது. நரேலாவில் ஒரு ஃபிளாட் ஒதுக்கினார்கள். நரேலா டெல்லியில்தான் இருக்கிறது என்று பேர். பஸ் மாறி, மெட்ரோ ஏறி, மறுபடி பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். இடித்த மறுநாள் கனகா வேலைக்கு வந்தார். பொள்ளாச்சிக்காரர் அவரைப் பார்க்க முடியாமல் காரிடாரிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "வெக்கமா இருக்குது அம்மிணி" என்றார்.

"அரே, நீயாக்கா இட்ச்ச? உனுக்கு இன்னா வெக்கம்?" என்று கனகா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அதற்குப் பிறகு கனகா ஐந்து மணி வாக்கில் கிளம்பவேண்டியிருந்தது. அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு நிச்சயம் இல்லை. நகலோ ஏழு மணியாவது ஆகாமல் முடியாது. பகலில் ஆரம்பித்தால் சர்வர் மெதுவாகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நகல் ஓடும்போது அன்மவுண்ட் கட்டளை கொடுத்தால், டிஸ்க் வேலையில் இருக்கிறது என்று சொல்லி கெர்னல் மறுத்துவிடும். அப்படி மறுத்தால் கட்டளையோடு ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொள், சரியாகிவிடும் என்று எங்களில் யாரோ ஒருவர் எப்போதோ கனகாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த எழுத்தைச் சேர்த்தால் கெர்னல் மறுக்காது. டிஸ்க்கின் பெயர் திரையிலிருந்து அப்போதே மறைந்துவிடும். ஆனால் டிஸ்க் போயிருக்காது. கேட்டில் நிற்கும். நகல் முடிந்து கடைசிப் பிடி விட்டதும் தானாகப் போகும். கனகாவுக்கு அது தெரியாது. பெயர் மறைந்ததைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நம்பி பஸ்ஸுக்கு ஓடுவார். டிஸ்க்கைக் கையால் எடுத்துப் பெட்டியில் வைப்பது மறுநாள் காலையில்தான் என்பதால் ஒரு சேதமும் வரவில்லை.

அப்போதுதான் இந்திக்காரர் ஒருவர் புதிய அதிகாரியாக வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். விதி என்றால் விதி என்கிற ஆள். டிஸ்க் முழுதாகப் பிரிகிறவரை ஆபரேட்டர் இருக்கவேண்டும், நடுவில் மின்சாரம் போனால் நகல் கெட்டுவிடும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் லாகை அச்செடுத்து, வாசலில் கனகா விரல் ரேகை வைத்து வெளியேறிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஐந்துக்குக் கனகா போகிறார். ஏழுக்குப் பொள்ளாச்சி வரி வருகிறது. மாதக்கணக்கில் அப்படித்தான்.

எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கனகா அங்கே இல்லை. அவரை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடலாம் என்றார். நகல் முடிகிறவரை நம்மில் ஒருவர் இருக்கலாமே, நான் இருக்கிறேன் என்று இவர் சொல்லிப் பார்த்தார். ஆபரேட்டர் வேலையைப் பொறியாளர் செய்தால் ஆபரேட்டருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டார் அதிகாரி. கேள்வி சரியான கேள்விதான். பிறகு அச்செடுத்த தாளை இவர் பக்கம் தள்ளினார்.

"மேடம், இந்த வரி நீங்க எழுதினதுதானே? ஆப்கி லைன் ஜூட் போல்தி ஹை க்யா?" உங்கள் வரி பொய் சொல்லுமா என்று கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை.

இவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வழக்கமாகச் சிவக்கிற முகம் அன்று வெளுத்திருந்தது.

"ஆமாங்க சார்," என்றார், தமிழிலேயே. பிறகு இந்தியில் சொன்னார். வரி தவறு. டிஸ்க் எப்போதோ போயிருக்கும், வரி மட்டும் தாமதமாக வருகிறது. நான் வைக்கத் தெரியாமல் வைத்துவிட்டேன். பல வருஷமாகவே தவறு.

மேஜையைச் சுற்றி இருந்த எங்கள் எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். அந்தப் பொய்யை மறுத்தால் கனகா வேலை போகும் என்பதும் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. அது சரிதான், இன்றைக்கும் நான் அதைத்தான் செய்வேன். ஆனால் அதிகாரி சிரித்துவிட்டு, கெர்னலில் எல்லாம் கை வைப்பதற்கு முன்னால் தெரிந்தவர்களைக் கேட்டிருக்கலாமே என்று சொன்னபோது, எங்களில் ரெண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். பொய் நம்பும்படி இருக்கவேண்டும் என்பதற்காகச் சிரித்தோம் என்று பிறகு ஒருவர் சொன்னார். இருக்கலாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த வருஷ மதிப்பீட்டில் அவர் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது. வரியை நீக்கச் சொன்னார்கள். அவரே உட்கார்ந்து நீக்கினார்.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 'வெக்கமா இருக்குது' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து நின்றுவிட்டது. லிஃப்ட் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. டீயில் ஈ விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். நான் வேண்டுமென்றே, "பாத்தீங்களா, நம்ம பிரின்டர் விருந்தாளி பேப்பரைக் கிழிச்சிடுச்சு" என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "இருக்கட்டுங்க" என்றார். அதுவரை ஊரார் வெட்கத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவர். சொந்தமாக ஒன்று வந்ததும் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எவ்வளவு எரிச்சலாகக் கேட்ட வார்த்தை அது! அது இல்லாமல் அலுவலகம் நன்றாகவே இல்லை.

யாருக்கும் சொல்லாமல் இன்னொரு காரியமும் செய்தார். கனகா ஐந்துக்குக் கிளம்பிப் போனபிறகு, நகல் முடிந்து டிஸ்க் முழுதாகப் பிரிகிறவரை தினமும் உட்கார்ந்திருந்தார். ஏதாவது வேலை இருப்பது மாதிரி விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார். மின்சாரம் போய் நகல் கெட்டால், அது தன் பொய்யால் கெட்டதாகும் என்று நினைத்தார்.

"கனகாகிட்டச் சொல்லிடலாமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரிஞ்சா அவுங்க கெளம்ப மாட்டாங்க. ராத்திரி அந்நேரத்துக்கு நரேலா போய்ச் சேரோணுமா? வேண்டாமுங்க."

கனகாவுக்கு வேறு மாதிரி சேதி போயிருந்தது. அக்கா எழுதின வரி தப்பாம், சாகிப் திட்டிவிட்டாராம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நேராக இவர் மேஜைக்கு வந்தார். நான் பக்கத்து மேஜை.

"அக்கா, உன் லைன் தப்பாப் பூட்ச்சாமே? சோட் தோ, விட்ருக்கா, டென்ஷன் எடுத்துக்காத. தப்பு யாருக்குதான் வராது? நான்கூட ஆரம்பத்துல எத்தினி தப்பு பண்ணிருக்கேன். இந்தா, புளி சாதம் சாப்டு."

மேஜைமேல் ஒரு கரண்டி புளிசாதத்தை மூடியில் எடுத்து வைத்தார். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். இவர் அந்தப் புளிசாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு கனகாவை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஆமா அம்மிணி. வெக்கமா இருக்குது."

நான் கேட்ட கடைசித் தடவை அதுதான்.

கொஞ்ச நாளில் பெங்களூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்புகிற அன்று கதவில் நின்று பேசவில்லை, மாடிப்படியில் பேசவில்லை. "வர்றனுங்க" என்று ஒரே வார்த்தை. லிஃப்ட் கதவு மூடிவிட்டது. வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. நகல் முடிகிறவரை உட்காரும் வேலையை அவர் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டு சில நாள் உட்கார்ந்தேன். அப்புறம் மகளுக்கு டியூஷன், அது இது என்று வந்தது.

போன மாதம் எங்கள் சர்வர்களுக்குப் புதிய கெர்னல் போட்டார்கள். அந்த அதிகாரி அதற்குள் வேறு துறைக்குப் போய்விட்டார், லாகை இப்போது அச்செடுத்துப் பார்ப்பார் யாரும் இல்லை. மறுநாள் காலை கனகா என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க பாரேன். அக்காவோட தப்பு லைன் திரும்பி வந்துட்ச்சு."

போய்ப் பார்த்தேன். டிஸ்க் பிரிந்ததாக ஒரு வரி. வார்த்தைகள் வேறு. நேரம் மட்டும் அதே மாதிரி, ஏழு தாண்டி.

"இது அக்கா எழுதினது இல்ல கனகா. புது கெர்னல்லயே இருக்கு. எங்கயோ வெளிநாட்டுல யாரோ எழுதிச் சேர்த்திருக்காங்க. உலகம் பூரா இப்ப இப்படித்தான் வரும்."

"அச்சா? அவங்களும் அக்கா மாரியே தப்பா எழுதிட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவர் கிளம்பிய கதையைச் சொன்னேன். சோபா, கதவு, மாடிப்படி, கேட், முனை திரும்பிய ஆட்டோ. கட்டளையோடு சேர்க்கிற அந்த எழுத்து என்ன செய்கிறது என்று சொன்னேன். அதிகாரி தாளைத் தள்ளியதையும் சொன்னேன். கனகா கேட்டுக்கொண்டே மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ அக்கா லைன் தப்பு இல்ல."

"இல்ல."

"நான் பஸ்ஸுக்கு ஓடினதுதான்."

கனகா என்னிடம் அவருடைய பெங்களூர் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். போனில் போட்டுக்கொண்டார், ஆனால் அழைக்கவில்லை. கனகாவின் முகம் சிவப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"என்னான்னு சார் பேசுவேன்?" என்றார். "நான் அவங்களுக்கு ஆறுதல் சொன்னேன் சார். முதுகுல தட்டிக் குடுத்தேன்."